வேண்டாம் என்று சொன்ன பிறகு

தம்பிமாரே, நம்ம சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற டிரைவர்மாருக்கு உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கியர் போடுவது, வளைவு எடுப்பது, மூடுபனியில் லைட் போடுவது பற்றி நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் ரோட்டே சொல்லிக் கொடுக்கும். நான் எழுதப் போவது வேறு.

ஒரு நாள் காலையில், பிரேக் சரியில்லை, பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். இதைக் கேட்டதும் மிச்சக் கதையை நீங்களே முடித்துக்கொள்வீர்கள். வேறு ஒருத்தன் எடுத்துக்கொண்டு போயிருப்பான், வளைவில் பஸ் பள்ளத்தில் விழுந்திருக்கும், ஊர் முழுக்க என்னைத் தேடி வந்து கும்பிட்டிருக்கும் என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. பஸ் ஹட்டனுக்குப் போனது, திரும்பியும் வந்தது. அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆனது என்பதுதான் கதை.

அப்போது நான் பொகவந்தலாவைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் இருந்து ஹட்டன் டவுனுக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். அந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று கேட்டால், வந்தேன், அவ்வளவுதான். அண்ணன் படிப்பை நிறுத்தினான் என்று நானும் நிறுத்தினேன். மாமா கூப்பிட்டார் என்று கொழும்பில் ஒரு கடைக்குப் போனேன். கடையை மூடினார்கள், திரும்பி வந்தேன். லொறியில் கிளீனர் வேலை காலியாக இருந்தது, ஏறினேன். டிரைவருக்கு முதுகுவலி வந்தது, ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. கல்யாணமும் அப்படித்தான். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் சாந்தி இருந்தாள், இரண்டு வீட்டிலும் பேசினார்கள், தாலி கட்டினேன். நல்லதும் அப்படித்தான் வந்தது, கெட்டதும் அப்படித்தான் வந்தது. நாற்பதைத் தாண்டும் வரை என் வாழ்க்கையில் நானாக உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது.

அந்தக் காலையில் நல்ல மழை. மேலே தோட்டத்தில் இருந்து பொகவந்தலாவை பஜாருக்கு இறங்கும்போதே காலுக்கு வித்தியாசம் தெரிந்தது. பிரேக்கை மிதித்தால் பிடிக்கத்தான் செய்தது. ஆனால் வழக்கமாகப் பிடிக்கிற இடத்தில் பிடிக்கவில்லை. ஒரு முறை முன்னால் பிடித்தது, ஒரு முறை கடைசி வரை மிதிக்க வேண்டியிருந்தது. ஸ்டாண்டில் நிறுத்தி, எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுகிற சிங்கள மெக்கானிக்கை வரச் சொன்னேன். அவர் சாக்கை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்னை மல்லி, தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"ஒரு பார்ட் மாத்தணும் மல்லி. இங்க இல்ல."

"இதோட ஹட்டனுக்கு போகுமா?"

"இன்னிக்கு போகும். நாளைக்கும் போகும். எப்ப போகாதுன்னு மட்டும் எனக்கு தெரியாது."

"நீங்களா இருந்தா எடுப்பீங்களா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் டிரைவர் இல்லையே மல்லி," என்றார்.

முதலாளிக்கு போன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை. என்னைவிட நன்றாக ரோடு தெரிந்தவர். "சிவா, பார்ட் சாயந்தரம் கண்டியிலேருந்து வந்துரும். இந்த ஒரு ட்ரிப்ப மட்டும் மெதுவா கொண்டு போய் சேத்துடு. இந்த டைம விட்டா பின்னால வர்றவன் ஆள ஏத்திருவான்," என்றார். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்த்தால் நிற்கக்கூட இடமில்லை. வெள்ளை உடுப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், டவுனில் வேலைக்குப் போகிறவர்கள். முன் சீட்டில் ஒரு பெண், வயதான தாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பாஸிடம் பேசியது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அண்ணே, அம்மாவுக்கு இன்னிக்கு கிளினிக். தவறுனா அடுத்த மாசம்தான் வரச் சொல்லுவாங்க. மாத்திரையும் முடிஞ்சு போச்சு. நீங்க மெதுவாவே போங்க. லேட்டானாலும் நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

இந்த மாதிரி நேரத்தில் திட்டுகிறவனைச் சமாளித்துவிடலாம். கெஞ்சுகிறவரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அவள் எனக்கு அனுமதி கொடுத்த மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டும் பண்ணிவிட்டேன். காலை பிரேக் மிதியில் வைத்தேன். அப்போதுதான் தோன்றியது, அவள் எதற்கு அனுமதி கொடுக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த மிதி எப்படி இருக்கிறது என்று அந்த பஸ்ஸில் தெரிந்த ஒரே ஆள் நான். பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் சரி என்று சொன்னாலும், தெரிந்தவன் ஒருத்தன்தான். அவன் தன் காலுக்குத் தெரிந்ததை அடுத்தவன் சம்மதத்தை வைத்து மறைத்துக்கொள்ள முடியாது.

இன்ஜினை நிறுத்தி, இறங்கி, "நான் எடுக்கல. பின்னால வர்ற பஸ்ல ஏறிக்கங்க," என்று சொன்னேன்.

சத்தம் போட்டார்கள். பின்னால் வருகிற பஸ்ஸும் நிறைந்துதான் வரும் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பயமா இருந்தா வேற வேலைக்குப் போகணும்," என்று ஒருத்தர் சொன்னது காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் முதலாளி சொல்லி ரவி வந்தான். ரவி லீவு நாட்களில் மாற்றி ஓட்டுகிற பையன், கை தேர்ந்தவன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் எடுக்கிறேன்," என்றான்.

"கோவம் இல்ல. ஆனா கேட்டுக்க. ரெண்டாவது கியர விட்டு மேல போகாத. நோர்வூட் எறக்கத்துல மிதிய நம்பாத. முன்னால வண்டி இருந்தா பெரிய எடம் விட்டு போ."

தலையாட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனான். நான் ஸ்டாண்டிலேயே மழையில் நின்றேன். கண்டக்டர் குமார் ஹட்டனில் இருந்து போன் பண்ணினான். "வந்து சேந்துட்டோம் அண்ணே. ஒண்ணும் இல்ல." அந்த அம்மாவுக்குக் கிளினிக் கிடைத்தது, மாத்திரை கிடைத்தது. நான் சொன்னபடி நடந்திருந்தால் கிடைத்திருக்காது. இதையும் சேர்த்துத்தான் உங்களுக்குச் சொல்லுகிறேன். சாயந்தரம் பார்ட் வந்தது, மாற்றினார்கள். அந்த பஸ் அதற்குப் பிறகு பல வருடம் ஓடியது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

முதலாளி என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டு, பிளேன்டீ கொடுத்து, நிதானமாகப் பேசினார். "நீ சொன்னது சரியாவே இருக்கலாம் சிவா. ஆனா இனி ஒவ்வொரு நாளும் காலையில நீ என்ன சொல்லுவியோன்னு நான் யோசிச்சுக்கிட்டே இருக்கணும். அது என்னால முடியாது." எனக்கு அவர் பக்கமும் புரிந்தது. "நான் வேற எடம் பாத்துக்கிறேன் முதலாளி," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தம்பிமாரே, ஒரு சரியான காரியத்தைச் செய்தால் மனசு அமைதியாக இருக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி இருக்கவில்லை. காலையில் எழுந்ததும் கால் தானாக ரோட்டுக்குப் போய்விடும். பஸ் இறங்கி வரும் சத்தம் கேட்டால் நின்றுவிடுவேன். பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று காது கேட்டுக்கொண்டே இருக்கும். பஜாரில் ஒரு கடையில் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷம் தாங்காது, எழுந்து அடுத்த கடைக்குப் போவேன். "என்ன டிரைவர், பஸ் ஓடுதே?" என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். நான் சொன்னது சரிதான் என்று காட்ட என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. சேர்ந்து போன பஸ்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

அந்த மாதிரி இருக்கிற மனுஷன் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்வான். தெரிந்தவர் ஒருத்தர் கொழும்பில் கொள்கலன் லொறி ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்றார். போனேன். வேலை கஷ்டமில்லை, ரோடு எல்லாம் தட்டை. ஆனால் யார்டில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். வெயில் சுட்டது. எதற்கு இங்கே இருக்கிறேன் என்று ஒரு நாள் என்னையே கேட்டேன். யாரோ கூப்பிட்டார்கள், அதனால் இருக்கிறேன். அதுதான் பதில். பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

வந்த கொஞ்ச நாளில் நுவரெலியாவில் ஒரு ஏஜன்ட் கல்ஃபுக்கு டிரைவர் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பாஸ்போர்ட் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாந்தி லயத்துக்குப் பக்கத்தில் குழாய் வைத்து ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்று, மெடிக்கலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

சாந்தி அதிகம் பேசுகிறவள் இல்லை. கல்யாணமானதில் இருந்து மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் துணியைப் பிழிந்து கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பஸ் வேணாம்னீங்க. சரி. கொழும்பு வேணாம்னீங்க. அதுவும் சரி. வேணாம்னு சொல்ல உங்களுக்கு வந்துருச்சு. என்ன வேணும்னு ஒரு நாளும் சொல்லலியே."

"புள்ளைக்கு டியூஷன் இருக்கு. வீடு இருக்கு."

"அது புள்ளைக்கு வேணும். வீட்டுக்கு வேணும். உங்களுக்கு என்ன வேணும்னுதான் கேக்குறேன். அதையும் நான்தான் சொல்லணுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இதெல்லாம் வசதி உள்ளவன் யோசிக்க வேண்டிய விஷயம், நமக்கு எதற்கு என்று சொல்லிவிட்டு மேல் ரோட்டில் ஏறி நடந்தேன். நடந்துகொண்டே எனக்குள் பதில் சொல்லிப் பார்த்தேன். சொந்த வீடு வேணும். அது என் மச்சான் கட்டியதைப் பார்த்து வந்தது. கல்ஃப் போகணும். அது போய் வந்தவன் பேச்சைக் கேட்டு வந்தது. எதைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் வேறு யாராவது இருந்தார்கள்.

மெடிக்கல் நாளன்று நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போனேன். வருடக்கணக்காக ஓட்டியவன், பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்து போனது அபூர்வம். வழியில் ஒரு இடத்தில் கவனித்தேன், என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. வளைவு வந்தால் மிதிக்கிறது, வளைவு முடிந்தால் விடுகிறது. எதிரே லொறி வந்தால் கை ஸ்டியரிங்கைத் தேடுகிறது. பக்கத்தில் இருந்தவர் "என்ன, கால் மரத்துப் போச்சா?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் எனக்குள்ளே ஒன்று பிடிபட்டது. இந்த ரோடுகளில் வண்டி ஓட்டுவது எனக்குப் பிடிக்கும். இத்தனை வருடமும் அதை எனக்குக் கிடைத்த வேலை என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். பிடித்த வேலை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஏஜன்ட் ஆபிசில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் போய் நின்று, "நான் வரல ஐயா," என்றேன்.

"வீட்ல ஏதும் பிரச்சினையா?"

"இல்ல. நான் இங்கதான் ஓட்டணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை, பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஜனங்கள் பார்த்த பார்வைதான். ஆனால் எனக்குள் வித்தியாசம் இருந்தது. அன்றைக்கு நான் ஒன்றை விட்டு இறங்கினேன். இன்றைக்கு ஒன்றைப் பார்த்துப் போகிறேன்.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னேன். இந்த ரோட்டிலேயே ஓட்டணும். வண்டி ஓடுமா நிக்குமான்னு நான்தான் சொல்லணும். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து மகளோடு சாப்பிடணும். அவள் கேட்டுக்கொண்டு, "அப்ப சரி," என்றாள். கடன் பட்டு ஒரு பழைய வேன் வாங்கினேன். நாலு தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினேன். கண் பார்வை குறைந்து நிறுத்தும் வரை அதைத்தான் ஓட்டினேன். வேன் சரியில்லை என்று நான் நிறுத்திய காலைகள் உண்டு. தாய்மார் திட்டுவார்கள், பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். நானும் சில நாள் கூடவே நடந்தேன்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. கல்ஃப் காசு வந்திருந்தால் மகளை ஹட்டனில் நல்ல டியூஷனுக்கு அனுப்பியிருக்கலாம். அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இப்போது ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். நான் போயிருந்தால் கிடைத்திருக்குமா என்று ஒரு முறை அவளிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியலப்பா," என்றாள். எனக்கும் தெரியாது. பஸ் விஷயத்திலும் தெரியாது, இதிலும் தெரியாது. முடிவு சரியா தப்பா என்று சொல்ல ஒரு ஆளும் வர மாட்டார். அதற்காகக் காத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். யோசித்து எடுத்தேனா, என் முடிவா, இவ்வளவுதான் நமக்குத் தெரிய முடியும்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சாந்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது அரைக் கதை.

வேன் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் அவள் மலையில் இருந்து வந்து கூடையை இறக்கி வைத்தபோது கேட்டேன். "என்கிட்ட கேட்டியே, உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு யோசிக்க டைம் குடுங்க," என்றாள். நான் மனசுக்குள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். மலை வேலையை விடணும் என்பாள், எங்கள் வீட்டில் யாரும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும், பஜாரில் ஒரு அறை பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பௌர்ணமிக்கு விடுகிற ஒரு போயா லீவு நாளில் மரக்கறி வெட்டிக்கொண்டே சொன்னாள். "நான் கங்காணி வேல கேக்கப் போறேன்."

எங்கள் தோட்டத்தில் அதுவரை பெண் கங்காணி இல்லை. பறிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பெண்கள், அவர்களை மேய்க்கிறவர்கள் எல்லோரும் ஆண்கள்.

"மலைய விட்டுடுவன்னு நெனச்சேன்," என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் நெனக்கிறாங்க. எனக்கு மலை பிடிக்கும். எந்த நெரயில கொழுந்து எப்ப எடுக்கணும்னு எனக்குத் தெரியும். எங்கள பாத்து சத்தம் போடுறதுதான் பிடிக்கல. நான் நின்னா சத்தம் போடாம வேல வாங்குவேன்."

அவளுடைய அண்ணன் சிரித்தார். "பொம்பளைக்கு யார் அடங்குவா?" என்று கேட்டார். கூடப் பறிக்கிறவர்களிலும் சிலருக்குப் பிடிக்கவில்லை. சாந்தி யாரோடும் வாதாடவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நான் வெறும் வேனோடு திரும்பி வந்த ஒரு காலையில், சேலை மாற்றிக்கொண்டு ரோட்டில் நின்றாள். தோட்டத்து ஆபிசுக்குக் கொண்டு போய் விடச் சொன்னாள்.

அவள் உள்ளே போனாள். நான் வேனில் உட்கார முடியாமல் வெளியே நின்றேன். வேனைச் சுற்றி நடந்தேன். சரியாக இருந்த கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்தேன். எனக்காக ஏஜன்ட் முன்னால் நின்றபோதுகூட இவ்வளவு படபடப்பு இல்லை. மேனேஜர் துரை நல்ல மூடில் இருக்கிறாரா, கிளார்க் ஏதும் குத்தலாகச் சொல்லியிருப்பாரா என்று ஓடியது. கூடப் போயிருக்கலாமோ என்று வாசல் வரை போய்த் திரும்பினேன். அவள் என்னைக் கூட வரச் சொல்லவில்லை.

வெளியே வந்து வேனில் ஏறினாள்.

"என்ன சொன்னாங்க?"

"இல்லைன்னுட்டாங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு இல்லன்னா பரவால்ல, அடுத்த மாசம் திரும்பி வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். வண்டிய எடுங்க," என்றாள். வீட்டுக்கு வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு, அரை நாள் சம்பளத்துக்காவது பறிக்கலாம் என்று மலைக்கு ஏறிப் போனாள்.

சொன்னபடி அடுத்த மாதம் போனாள். அதற்கடுத்த மாதமும் போனாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, அவளுக்கு இருக்கவில்லை. ஒரு கட்டத்தில் அவள் வருகிறாள் என்றாலே கிளார்க் நாற்காலியை இழுத்துப் போட ஆரம்பித்தார். பிறகு ஒரு கங்காணி சுகமில்லாமல் வேலையை விட, அவருடைய கூட்டத்தைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கொழுந்து குறைந்தால் அன்றைக்கே அவளை வேலையில் இருந்து எடுத்துவிடுவோம் என்றும் சொன்னார்கள்.

முதல் நாள் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த மலைக்குக் கீழே போகும் ரோட்டில் வந்தேன். மேலே பெண்கள் நிரை பிடித்து நின்றார்கள். சாந்தி நடுவில் நின்று கையை நீட்டி எதையோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கவில்லை. வேனில் இருந்த ஒரு சின்னப் பெண், "மாமா, சாந்தி அத்தை நிக்கிறாங்க, ஹோன் அடிங்க," என்றாள்.

நான் அடிக்கவில்லை. அவள் வேலையில் இருந்தாள். கியரை மாற்றி, வளைவை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.